பிளட்ஸ், கிரிப்ஸ் சேர்ந்த ராப்: 1990 பாட்டா, 1993 ஆல்பமா?

லாஸ் ஏஞ்சலஸின் பகைத் தெருக்கும்பல்களான பிளட்ஸும் கிரிப்ஸும் ராப்பில் சந்தித்த கதைக்குள் நுழைய இரண்டு வாசல். எதில் முதலில் நுழைவது என்று பலர் கேட்கிறார்கள்.

யார் பாடுவது?
'வி ஆர் ஆல் இன் தி சேம் கேங்' (1990): ஐஸ்-டி, ஈஸி-ஈ, எம்.சி. ஹேமர் என நட்சத்திரக் கூட்டம். இசையமைத்தவர் டாக்டர் ட்ரே. ஆனால் இதைத் திரட்டியவர் மைக்கேல் கான்செப்சியன். பழைய கிரிப்ஸ் ஆள், குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர்.
'பேங்கின் ஆன் வேக்ஸ்' (1993): நட்சத்திரமே கிடையாது. இரு கும்பலின் ஆட்களும் ஒரே ஆல்பத்தில்.

என்ன சொல்கிறது?
முதலாவது: சுட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். அவ்வளவுதான்.
இரண்டாவது: இங்கேதான் சுவாரசியம். சமாதானப் பாட்டு என்று நினைத்துப் போட்டால் ஏமாறுவீர்கள். இதில் 'பைரு லவ்' என்ற பாட்டு பிளட்ஸின் பெருமை, 'ஸ்டெடி டிப்பின்' பாட்டு கிரிப்ஸின் பெருமை. நடுவே ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். 1992இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் இந்தக் கும்பல்களிடையே சண்டைநிறுத்தம் வந்த மறு வருடம் இது. துப்பாக்கியில் இருந்த பகை மைக்குக்கு மாறியிருக்கிறது, பகை அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கேட்க எளிது?
முதலாவது, சந்தேகமே இல்லை. கிராமி பரிந்துரை வரை போனது.
இரண்டாவதில் கெட்ட வார்த்தை மழை, ஹெட்போன் கட்டாயம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட 1990 பாட்டு. அந்தத் தெருக்கள் எப்படிப் பேசின என்று தெரிய வேண்டுமென்றால் 1993 ஆல்பம், அதிலும் 'பைரு லவ்'விலிருந்து தொடங்குங்கள்.