ஐந்து நாள் விடுப்பு: பூர்வகுடி ஊழியர்களுக்கான கனேடியச் சட்ட ஏற்பாடும் அதை வழங்கும் செயலியும்

கனடாத் தொழிற் சட்டக்கோவையின் 206.8ஆம் பிரிவு, ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து மூன்று மாதங்கள் வேலை செய்த பூர்வகுடி ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு ஐந்து நாட்கள் வரை விடுப்பு எடுக்கும் உரிமையைத் தருகின்றது. வேட்டையாடுதல், மீன்பிடித்தல், நிலத்திலும் காட்டிலும் விளைவனவற்றைச் சேகரித்தல் முதலான பாரம்பரிய வழக்கங்களில் ஈடுபடுவதற்கென்றே இந்த விடுப்பு உருவாக்கப்பட்டது. 2019 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாகாணங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் ஒரு லொறி நிறுவனத்தில் பணிமுறை அட்டவணை தயாரிப்பவன் என்ற முறையில், இந்த விடுப்பு சட்டத்தில் எப்படி இருக்கின்றது, எங்கள் நிறுவனம் வாங்கியிருக்கும் விடுப்புச் செயலியின் வழியாக ஊழியரின் கைக்கு எப்படி வந்து சேர்கின்றது என்ற இரண்டையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகின்றேன்.

முதலில் சட்டத்தின் நல்ல பக்கத்தைச் சொல்ல வேண்டும். இது முகாமையாளர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை அன்று. தகுதியுள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய உரிமை. ஐந்து நாட்களையும் ஒன்றாக எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு நாளுக்குக் குறையக்கூடாது என்று மட்டுமே வேலைகொடுப்பவர் நிபந்தனை விதிக்கலாம். சான்று கேட்கும் விதத்திலும் சட்டம் கவனமாகவே எழுதப்பட்டிருக்கின்றது. ஊழியர் வேலைக்குத் திரும்பிய பதினைந்து நாட்களுக்குள், எழுத்து மூலமாக, அவர் பூர்வகுடியைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் ஆவணத்தை வேலைகொடுப்பவர் கேட்கலாம். அதைப் பெற்றுக் கொடுப்பது ஊழியருக்கு நடைமுறையில் இயலுமானதாக இருந்தால் மட்டும் அவர் கொடுத்தால் போதும். எத்தனை பறவை சுட்டீர்கள், எந்தச் சடங்குக்குப் போனீர்கள் என்று விசாரிக்க இந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பது இந்நாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு விளங்கும். 1884இல் இந்தியர் சட்டத்துக்கு (இங்கு ‘இந்தியர்’ என்பது கனடாவின் முதற்குடியினரைக் குறிக்கும்) கொண்டுவரப்பட்ட திருத்தம், மேற்குக் கரையோர மக்கள் விருந்து வைத்துப் பொருள்களை வாரி வழங்கும் பொட்லாச் சடங்கைக் குற்றமாக்கியது. அந்தத் தடை 1951 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. சடங்கு செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டன. அதே நாட்டின் சட்டம் இன்று அந்த வழக்கங்களுக்காக வேலையை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று சொல்லும்போது, அந்தச் சொல்லை ஊழியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிவமும் அதற்கேற்ற மரியாதையோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றேன். எங்கள் செயலி அப்படி இருக்கவில்லை.

செயலியைத் திறந்தால் விடுப்பு வகைகளின் பட்டியலில் இது கடைசியில், ‘ஏனையவை’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றது. அதைத் தொட்டவுடன் முதற்குடியினர் பதிவு எண்ணையும் பதிவு அட்டையின் படத்தையும் கேட்கின்றது. இரண்டையும் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதிருந்தது. திரும்பி வந்து பதினைந்து நாள் வரை கேட்கலாம் என்று சட்டம் சொல்வதை, புறப்படும் முன்னரே வாசலில் வைத்துக் கேட்கின்றது. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருக்கின்றது. இந்தியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட முதற்குடியினருக்கே அந்தப் பதிவு எண் உண்டு. வட துருவப் பகுதியின் இனுயிட் மக்களும், முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபில் வந்த மேற்றிஸ் மக்களும் அந்தப் பதிவேட்டில் வருவதில்லை; ஆனால் 206.8ஆம் பிரிவு அவர்களையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகின்றது. பதிவில்லாத ஆணை மணந்த முதற்குடிப் பெண்கள் தங்கள் பதிவையே இழந்துவிடும் விதி 1985 வரை இருந்ததால், தலைமுறைகளாகப் பதிவுக்கு வெளியே நிற்கும் குடும்பங்களும் உள்ளன. மேற்றிஸ் இனத்தவரான எங்கள் லொறி ஓட்டுநர் ஒருவர், அந்தப் பெட்டியில் நிரப்ப எண் இல்லாத காரணத்தால், இந்த விடுப்பு தனக்குரியது அல்ல என்றே இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தார். அவருடைய உரிமையைத் தடுத்தது சட்டம் அன்று, ஒரு கட்டாயப் பெட்டி.

ஆனால் என்னை இதை எழுத வைத்தது, பதினான்கு நாட்களுக்கு முன்பே திகதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் நிறுவனம் அந்தச் செயலியில் அமைத்திருக்கும் விதி. 206.8ஆம் பிரிவில் அப்படி ஒரு பதினான்கு நாள் இல்லை.

என்னோடு வேலை செய்யும், கிறீ என்னும் முதற்குடி இனத்தவர் ஒருவர், ஜேம்ஸ் விரிகுடாவின் தென்முனையில் உள்ள மூஸ் ஃபக்ரரி தீவைச் சேர்ந்தவர். பேரப்பிள்ளைகள் கண்ட மனிதர். அங்கே வசந்த காலக் காட்டு வாத்து வேட்டை ஆண்டின் மிகப் பெரிய நிகழ்வு. விரிகுடாவின் கியூபெக் கரையிலுள்ள கிறீ ஊர்களில் இதற்காகப் பாடசாலைகளையே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மூடிவிடுகின்றார்கள். வாத்துகள் ஏப்ரல் கடைசியிலோ மே முற்பகுதியிலோ வரும். தெற்கிலிருந்து காற்று வீச வேண்டும், பனி உருகி நிலம் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். பறவை அதைப் பார்த்துத்தான் புறப்படும். கடந்த ஆண்டு அவர் மே மாதத்தின் இரண்டாம் வாரத்தைக் குறித்து விண்ணப்பித்திருந்தார். ஏப்ரல் முடிவதற்கு முன்பே ஒரு நாள் மதிய இடைவேளையில் அவருடைய கைபேசிக்கு ஊரிலிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். காற்றின் இரைச்சல், அதற்கு மேலே நூற்றுக்கணக்கான வாத்துகளின் குரல், இடையில் ஒரு சிறுவனின் கூச்சல். ‘வந்துவிட்டன’ என்று மட்டும் சொன்னார்.

திகதியை முன்னுக்கு மாற்றச் செயலி இடம் தரவில்லை. பழைய விண்ணப்பத்தை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுத்தால், மறுபடியும் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். அவருடைய இடத்துக்கு இரண்டு பேரை நான் ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்கு செய்துவிட்டேன். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனிதவளப் பிரிவு, முறைமை ஏற்கவில்லை என்ற ஒரே பதிலைத் தந்தது. அவருடைய ஒன்பது வயதுப் பேரன் அந்த வாரம் தன் முதல் வாத்தைச் சுட்டான். கிறீ மக்களிடையே பிள்ளையின் முதல் வாத்து குடும்பமே கூடிக் கொண்டாடும் நிகழ்வு. அவர் அதை இரவுப் பணியில், சரக்கு இறக்கும் மேடையின் ஓரத்தில் நின்றபடி கைபேசியில் பார்த்தார்.

சட்டத்திலும் குறை இருக்கின்றது. ஐந்து நாள் போதாது. அந்தத் தீவுக்குப் போக, ரொறன்ரோப் பகுதியிலிருந்து கொக்ரேன் நகர் வரை 700 கிலோமீற்றருக்கும் மேல் வண்டி ஓட்ட வேண்டும். அங்கிருந்து, தீவுக்கு எதிரே ஆற்றங்கரையிலுள்ள மூசனிக்குத் தெரு இல்லை, ரயிலில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வாத்துகள் வரும் காலத்திலேயே மூஸ் ஆற்றின் பனிக்கட்டியும் உடைவதால், படகும் போகாது, பனிப்பாதையும் இராது. தீவுக்குக் கடைசித் துண்டை ஹெலிகொப்டரில் கடக்க வேண்டி வரும். போகவும் வரவும் நான்கு நாள் கழிந்தால், முன்னும் பின்னும் உள்ள வார இறுதிகளைச் சேர்த்துக்கொண்டாலும் காட்டில் கிடைப்பது ஐந்து நாள்தான். அத்தோடு அந்த ஆண்டின் விடுப்பு முடிந்துவிடும். இலையுதிர் கால மூஸ் மான் வேட்டைக்கு ஒரு நாளும் மிஞ்சாது.

இந்த விடுப்புக்குச் சம்பளமும் இல்லை. அதே சட்டக்கோவையில், தனிப்பட்ட தேவைகளுக்கான ஐந்து நாள் விடுப்பில், மூன்று மாத சேவை முடித்தவருக்கு முதல் மூன்று நாட்களுக்குச் சம்பளம் உண்டு; மருத்துவ விடுப்புக்கு ஆண்டில் பத்து நாள் வரை சம்பளம் உண்டு. நிலத்துக்குத் திரும்பும் நாட்களுக்கோ ஒரு சதமும் இல்லை. ரயில் கட்டணம், ஹெலிகொப்டர் கட்டணம், துப்பாக்கி ரவை, எரிபொருள் என்று செலவாகும் ஒரு வாரத்தில் வருமானத்தையும் நிறுத்திவிட்டால், குறைந்த சம்பளக்காரர் இந்த உரிமையைத் தொடவே தயங்குவார். குறைந்தது மூன்று நாளாவது சம்பளத்தோடு தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பிரிவு வங்கி, விமானம், ரயில், தொலைத்தொடர்பு, மாகாணம் தாண்டும் லொறிச் சேவை போன்ற மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்ட துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். நாட்டின் பெரும்பாலான ஊழியர்கள் மாகாணச் சட்டங்களின் கீழ் வருகின்றார்கள். கடையிலோ உணவகத்திலோ வேலை செய்யும் உறவினருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

மதிப்பெண் கொடுப்பதானால், சட்ட ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அதில் இரண்டு, சான்று கேட்பதில் அது காட்டும் மரியாதைக்காக. செயலிக்கு ஐந்துக்கு ஒன்று. இந்த விடுப்பைக் கேட்கத் தகுதியுள்ளவர்களுக்கு என் ஆலோசனை: செயலி மறுத்தால் அங்கேயே நின்றுவிடாமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எங்கள் மேற்றிஸ் ஓட்டுநர் அப்படித்தான் கேட்டார். இரண்டே நாளில் அவருக்கு அனுமதி வந்தது, சில வாரங்களில் அட்டைப் படம் கேட்கும் பெட்டியிலிருந்து கட்டாயக் குறியும் நீங்கியது. பதினான்கு நாள் விதி இன்னமும் இருக்கின்றது. அது நீங்கும் வரை, ஏப்ரல் 20 முதல் மே 15 வரையான என் அட்டவணையில் அந்தக் கிறீ நண்பரின் ஒவ்வொரு பணிமுறைக்கும் நேரே மாற்று ஆள் ஒருவரின் பெயரை இப்போதே எழுதி, அதன் பிரதியை மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பியிருக்கின்றேன்.