எறும்பு வீடு, நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன் (3 ஸ்டார்)

இந்த அக்ரிலிக் எறும்பு வீடு 1,150 ரூவா. பாதி பேரு "எறும்பு சும்மாவே நிக்குது, காசு வேஸ்ட்"னு ஒரு ஸ்டார் குத்தி வச்சிருக்காங்க. அது டப்பாவோட குத்தம் இல்லீங்க, எறும்பே அப்படித்தான்.

என்னோடது கட்டெறும்பு. மழை விட்ட ஒரு ராத்திரி மாடிப்படி லைட்டுக்குக் கீழ றெக்கைய உதுத்துட்டு நடந்துட்டு இருந்த ராணிய புடிச்சு, தண்ணியும் பஞ்சும் வச்ச கண்ணாடி ட்யூப்ல விட்டேன். முதல் ஈடு வர்ற வரைக்கும் அதுக்கு எரை எதுவுமே போடல, இனி பறக்கப் போறதில்லைல, அந்த றெக்கை தசைய கரைச்சே புள்ளைங்கள வளத்துருச்சு. இப்ப 40 சொச்சம் இருக்கும். டார்ச்ல சிவப்பு கண்ணாடித்தாள் சுத்தி எண்ணிப் பாத்தா நடமாடுறது ஏழோ எட்டோதான், மிச்சமெல்லாம் மூலைல குவிஞ்சு கெடக்கு.

அமெரிக்காவுல 2010-ல விதை பொறுக்குற எறும்பு கூட்டத்த அப்படியே வச்சு எவ்ளோ எனர்ஜி செலவாகுதுன்னு அளந்திருக்காங்க, கூட்டம் ரெண்டு மடங்கானா செலவு 1.7 மடங்குதான் ஆகுது, பெரிய கூட்டத்துல வேகமா ஓடுறதுங்களோட பங்கு கம்மி. அரிசோனால 2017-ல வேற ஒரு சின்ன எறும்புல, ரொம்ப ஓடி ஆடுற 20 சதவீதத்த வெளிய எடுத்துட்டு பாத்தா ஒரே வாரத்துல சோம்பேறிங்க எழுந்து வேலைக்கு வந்துருச்சாம். நம்ம வீட்லயும் அப்படி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்.

ஒரு சொட்டு சக்கரைத்தண்ணி வச்சுட்டு பொறுமையா பாருங்க. ஒண்ணு மட்டும் வரும், குடிக்க குடிக்க வயிறு உப்பி கருப்புக்கு நடுவுல வெளுப்பா கோடு கோடா விரியும், உள்ள போய் வாயோட வாய் வச்சு அஞ்சாறு பேருக்கு ஊட்டி விடும். அந்த சும்மா நிக்கிற கூட்டத்துக்கு சாப்பாடு இருந்த எடத்துக்கே வருது, அப்புறம் அது எதுக்குங்க ஓடணும்?

இப்ப நெஜ குறை. கூட ஒரு இனிப்பு ஜெல் பாக்கெட் தர்றாங்க, "இதுவே போதும்"னு போட்டிருக்கு. போதாது. இனிப்பு பெருசுங்களுக்கு ஓடி ஆட, முட்டைலேருந்து வந்த குட்டிப் புழு வளரணும்னா புரதம் வேணும். மூணு வாரமா ஜெல் மட்டும் வச்சேன், புழு அப்படியே நின்னுச்சு. அப்புறம் கரப்பான்பூச்சிய வெந்நீர்ல முக்கி ஒரு துண்டு வச்சதும்தான் பெருசாக ஆரம்பிச்சுது. தண்ணி ட்யூப் சின்னது, நாலு நாளைக்கு ஒரு தடவ ரொப்பணும், அது பரவால்ல. மூடிதான் மோசம், ஓரத்துல இடுக்கு, ரெண்டு தடவ தப்பிச்சுப் போன எறும்ப வெல்ல டப்பாலேருந்து பொறுக்கிட்டு வந்தேன், வீட்டம்மா மொறைச்சாங்க. பவுடர ஸ்பிரிட்ல குழைச்சு விளிம்புல தடவுனேன், அதுக்கப்புறம் ஏறல.

கடைக்காரர்க்கு மெசேஜ் போட்டா "சார் எறும்புக்கு வாரண்டி கிடையாது"ன்றார். நான் கேட்டது மூடிய.