இசை நிகழ்ச்சி போஸ்டர்: போட்டோஷாப்பா, கிம்ப்பா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குக் கலர்ஃபுல்லாக ஒரு போஸ்டர் வேண்டும். தவில், கிட்டார் படங்களை வெட்டி லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனிப் படலங்களாக அடுக்கி, மேலே மஞ்சள் மெல்ல ஊதாவாக மாறும் கிரேடியன்ட் போட்டு, அந்த லேயரை, கீழே உள்ள படத்தை வெளிச்சமாக்கும் 'ஸ்க்ரீன்' முறைக்கு மாற்றினால் மேடை விளக்கு விழுந்த மாதிரி நிறம் படரும். இதைப் போட்டோஷாப், கிம்ப் ஆகிய இரண்டு பட மென்பொருள்களிலுமே செய்யலாம்.

தமிழ் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. கிம்ப்பில் யூனிகோடு எழுத்துருவை எடுத்துத் தட்டினாலே 'கொண்டாட்டம்' ஒழுங்காக வந்துவிடும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அப்படியே அச்சுக்கும் போய்விடும். நம் எழுத்து உடைந்துபோய்ச் சுவரில் தொங்குவதை என்னால் பார்க்க முடியாது.

அச்சு என்றால் போட்டோஷாப்புக்கே என் ஓட்டு. அதில் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மைகளின் நிறத்திலேயே வேலை செய்யலாம்; திரையில் பளிச்சிடும் ரோஸ், தாளில் மங்குவது முன்பே தெரிந்துவிடும். திரையில் பளிச்சிடும் ரோஸ், தாளில் மங்குவது முன்பே தெரிந்துவிடும். ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 3508 x 4961 பிக்சல், இரண்டுக்கும் பொது.

போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், கிம்ப் இலவசம். மாணவர் குழுவுக்குக் கிம்ப் தாராளம். அச்சுக்கடையில் முதலில் ஒரே ஒரு தாள் போட்டு நிறம் பார்த்துவிடுங்கள்.