என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த குழந்தைக்கு ‘காது டெஸ்ட் பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

எங்கள் பையன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். பெரிய தனியார் மருத்துவமனைதான், பெயர் வேண்டாம். மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றினார்கள். கிருமித் தொற்றுக்கு அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒரு வாரத்துக்கும் மேல் ஓடியது. வீட்டுக்கு அனுப்பும்போது காதில் சின்ன முனையை வைத்து ஒரு டெஸ்ட். ஃபைலில் ‘இரு காதும் பாஸ்’ என்று ஊதா முத்திரை, பில்லில் ‘முழுச் செவித்திறன் பரிசோதனை’ என்று தனி வரி. மறுபடி எப்போது பார்க்கணும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றரை வயதாகியும் ‘அம்மா’ வரவில்லை. அங்கேயே காட்டினோம். “ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், காதுதான் பாஸ் ஆயிடுச்சே” என்றார் டாக்டர். குக்கர் விசில் அடித்தால் திரும்புவான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அதைச் சொன்னதற்கும் சிரிப்புதான் பதில்.

வேறிடத்தில் தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்கள். ஆடிட்டரி நியூரோபதி. உள்காது வேலை செய்கிறது, நரம்பு வழியாகப் போகும் சிக்னல் சிதறுகிறது. சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது.

முதலில் காதில் முனை வைத்து எடுத்தது ஓஏஇ என்ற டெஸ்ட். அது உள்காதின் ரோம செல்களை மட்டும் பார்க்கும், நரம்பைத் தொடாது. என்ஐசியுவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு பெரா வகை டெஸ்ட்தான் எடுக்க வேண்டும், பாஸ் ஆனாலும் 9 மாதத்துக்குள் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மறுபடி முழுசாகப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்காவின் ஜேசிஐஎச் குழு 2019-லேயே எழுதி வைத்திருக்கிறது. ரத்தம் மாற்றியது, அமிகாசின், ஜென்டாமைசின் மாதிரி ஊசி 5 நாளுக்கு மேல் போட்டது, பிறக்கும்போது மூச்சுத்திணறல், குடும்பத்தில் சிறுவயதிலேயே காது கேளாமை எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. தாய் வயிற்றிலேயே சிஎம்வி என்ற வைரஸ் தொற்றிய குழந்தை என்றால் 3 மாதத்துக்குள். மூளைக்காய்ச்சல் வந்தால், வந்ததிலிருந்து 3 மாதத்துக்குள்.

ஃபைலோடு பழைய மருத்துவமனைக்கே போய்க் கேட்டோம். “நாங்க எடுத்த டெஸ்ட்ல நார்மல்தானே வந்துச்சு?” என்றார்கள். எடுத்ததே பொருந்தாத டெஸ்ட் என்பதற்குப் பதில் இல்லை. பில்லில் மட்டும் ‘முழு’!

பணம் கட்ட முடியாதவர்கள் மாவட்டத்து டிஇஐசி மையத்தில் (குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறியும் அரசு மையம்) கேளுங்கள், ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இலவசம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கமும் கையில் இருக்கட்டும். பிலிருபின் (மஞ்சள் காமாலையின் அளவு) எவ்வளவு ஏறியது, எந்த ஊசி எத்தனை நாள் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.