வேனில் வரும் சாம்பார்: ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு சைவ டிபன் கிளை

இந்தக் கிளைக்குப் போக நேர்ந்தால் காபி குடிக்கலாம், பூரி சாப்பிடலாம். காலை எட்டரைக்கு மேல் இட்லி, பொங்கல், வடை மூன்றையும் தவிர்ப்பது நல்லது. தோசைக்குப் பொறுமை வேண்டும். காத்திருந்தாலும் சூடாக வரும் என்று சொல்வதற்கில்லை.

இடம், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையோரம். சென்னையில் நல்ல பெயர் எடுத்த ஒரு சைவ உணவகத்தின் பலகையை மாட்டிக்கொண்டு, தனி முதலாளி ஒருவர் நடத்தும் பிரான்சைஸ் கிளை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், தென்மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள் விடிகாலையில் இந்தப் பக்கம்தான் இறங்குகிறார்கள். அதனால் ஐந்தரைக்கே ஒரு கூட்டம், எட்டு மணிக்கு ஆபீஸ் போகிறவர்களின் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குத் தயாராகும் கடை, மிஞ்சியதை இரண்டாம் கூட்டத்துக்குப் பரிமாறுகிறது. கோளாறு முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

இதுபோன்ற கிளைகளில் மாவு, சாம்பாருக்கான கெட்டி அடிக்கலவை, காரச் சட்னி, குருமா, உருளைக்கிழங்கு மசால் எல்லாம் மத்திய சமையல்கூடத்திலிருந்து வேனில் வரும். ஆவியில் வைப்பது, கல்லில் ஊற்றுவது, எண்ணெயில் போடுவது, தாளிப்பது மட்டும் கிளையின் வேலை. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பத்துக் கிளையிலும் ஒரே ருசி வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. சாப்பிடுகிறவர் கேட்டபின் செய்ய வேண்டிய அந்தக் கடைசிப் பத்து நிமிட வேலையையும் விடிகாலையிலேயே முடித்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் குறை.

இட்லியைப் பாருங்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் அரைத்த மாவு, சென்னை வெயிலில் எட்டு மணி நேரத்துக்குள் பொங்கிவிடும். பொங்கியதும் ஐந்து டிகிரிக்குக் கீழே குளிரில் வைத்தால்தான் புளிப்பு நிற்கும். குளிர்வசதி இல்லாத வண்டியில் வந்து, இறங்கியபின் அடுப்பங்கரைச் சூட்டிலேயே டப்பாவில் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் கடுத்துப்போகும். உள்ளிருக்கும் காற்று வெளியேறி மாவு தளர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட ஆப்ப சோடாவைத் தூவினால் இட்லி தட்டில் உப்பி, வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கும். இங்கே எட்டரைக்கு மேல் வரும் இட்லியில் இந்த அடையாளங்கள் அத்தனையும் உண்டு: லேசான மஞ்சள் சாயல், நடுவில் குழி, விழுங்கியபின் நாக்கில் ஒரு வழுவழுப்பு. பிட்டுப் பார்த்தால் நுண்ணிய துளைகள் இல்லை. நாலைந்து பெரிய ஓட்டைகள், சுற்றிலும் பிசுபிசுப்பு.

இன்னொன்று, வெந்த இட்லியை வைத்திருக்கும் விதம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவி, இரண்டு நிமிடம் ஆறல், பிறகு இலை. இட்லிக்கு அவ்வளவுதான். இவர்கள் ஒரே ஈடாக நிறைய எடுத்து மூடிபோட்ட ஹாட் பாக்ஸில் அடுக்குகிறார்கள். மூடியில் கோக்கும் நீர் மேல் வரிசையில் சொட்டி அதைக் கொழகொழப்பாக்குகிறது. அடி வரிசை தன் எடையிலேயே நசுங்குகிறது. நடு வரிசை உங்கள் தட்டுக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

சாம்பாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயருக்குக் கூட்டம் வந்ததே சாம்பாரால்தான். கெட்டியாகக் காய்ச்சி வரும் அடிக்கலவையில் வெந்நீர் விட்டு இளக்கி, வெந்த காய் சேர்த்து, ஒரு கொதி விட்டுத் தாளித்துக் கொட்ட வேண்டும். பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை ஆகியவற்றின் மணம் ஆவியோடு போய்விடும். அண்டாவுக்கு ஒரே தாளிப்பு போட்டுவிட்டு மூன்று மணி நேரம் சூட்டில் வைத்தால் புளியும் உப்பும் மட்டும் மிஞ்சும். நல்ல சரக்கு மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், இருக்கும் கடையில் அண்டாவிலிருந்து மொள்ளும் ஒவ்வொரு வாளிக்கும் தனித்தாளிப்பு. ஐந்து லிட்டர் வாளிக்கு ஒரு குழிக்கரண்டி எண்ணெய், ஒரு பிடி தழை, மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்துக்கு இங்கே ஆள் இல்லை.

சூட்டில் வற்ற வற்ற உப்பு ஏறும். ஏறினால் வெந்நீர் விடுகிறார்கள். மறுபடி கொதிக்கவிடாமல் நீர் விட்டால் பருப்பு அடியில் தங்கி, மேலே புளித்தண்ணீர் நிற்கும். சப்ளையர் மேலாக மொண்டு ஊற்றுவதால் முதலில் உட்காருகிறவருக்கு ரசம் போன்ற சாம்பார், வாளி காலியாகும் நேரத்தில் வருகிறவருக்குப் பருப்புக் கடைசல். "அடியிலிருந்து கலக்கி ஊத்துங்கண்ணே" என்று சொன்னால் ஊற்றுகிறார்கள், வித்தியாசமும் தெரிகிறது. ஒரு வாளி சாம்பாரைக் கலக்க வாடிக்கையாளர் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை தூக்கல். கொஞ்சம் சேர்ப்பது எல்லாக் கடையிலும் வழக்கம்தான். இங்கே தேங்காயைவிட அதுதான் முன்னால் தெரிகிறது. நிறம் வெளுப்பிலிருந்து மங்கல் பழுப்புக்கு வந்துவிட்டது. காரச் சட்னி மட்டும் எந்த நேரத்திலும் சரியாக இருக்கிறது. எண்ணெயில் வதக்கிச் சுருட்டி அரைத்தது சீக்கிரம் கெடாது. வேன் பயணத்தைத் தாங்கும்.

வடை போடும் இடம் முன்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு விதத்தில் நல்லது; நடப்பதை யாரும் பார்க்கலாம். நடப்பது இதுதான்: காலையில் வடைகளை அரைவேக்காடாகப் பொரித்து ட்ரேயில் அடுக்கிவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் ஒரு முக்கு. முதல் பொரிப்பில் மேலே கட்டிய தோல், ஆறும்போது உள் ஈரத்தை வாங்கித் தொய்ந்துவிடும். இரண்டாம் முறை போடும்போது அந்தத் தொய்ந்த தோல் எண்ணெயைக் குடிக்கும். டிஷ்யூவில் வைத்து அழுத்தினால் தாளின் மறுபக்கம் வரை நனைகிறது. மாவிலும் குறை உண்டு. உளுந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். நாள் முழுக்க ஊறியதும், முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்ததும் நீர்த்துப்போகும். நீர்த்த மாவில் ஓட்டை நிற்காது, எண்ணெயும் அதிகம் இழுக்கும். இந்தக் கிளை வடையின் ஓட்டை பேருக்குத்தான் இருக்கிறது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடையைச் சுற்றி எழும் நுரை, வடை வேக வேக அடங்க வேண்டும். அடங்காமல் கடாய் முழுக்கப் பரவி, எண்ணெய் கறுத்து, அடுப்பை ஏற்றியதுமே புகைந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். இதற்குச் சட்டத்தில் அளவு உண்டு: எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கக் கையடக்கக் கருவியே இருக்கிறது. சாப்பிடப் போகிறவர் கையில் அது இருக்காது, ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நுரையைப் பார்க்கலாம். நுரை அடங்கவில்லை என்றால் வடையைக் கேட்காதீர்கள்.

பொங்கல் ஏழு மணிக்குள் பரவாயில்லை. பிறகு இறுகுகிறது, வெந்நீர் விட்டுத் தளர்த்துகிறார்கள், அரிசியும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கின்றன. மேலே பரிமாறும்போது ஊற்றும் 'நெய்' ஆறியதும் அண்ணத்தில் மெழுகாக ஒட்டுகிறது. நெய் இப்படி ஒட்டாது. 98 ரூபாய்க்கு இது அநியாயம்.

பூரி ஏன் நன்றாக இருக்கிறது? பொரித்த பூரி இரண்டு மூன்று நிமிடத்தில் அமுங்கிவிடும். முன்கூட்டிச் செய்து வைக்க வழியே இல்லாததால் கேட்டபின்தான் போடுகிறார்கள். காபியும் அப்படித்தான். தனிக் கவுண்டர், தனி ஆள், சின்ன பில்டர்கள் இரண்டு. டிகாஷன் தீர்ந்தால் புதிதாக இறக்குகிறார். அடுப்பில் வைத்துத் திரும்பத் திரும்பச் சூடாக்கிய டிகாஷனின் கசப்பு இல்லை. சிக்கரி கொஞ்சம் அதிகம். கலவைத் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி, அந்த எல்லையை ஒட்டித்தான் வாங்குகிறார்கள் போல. டபரா டம்ளரில் கேளுங்கள், இல்லாவிட்டால் காகிதக் கப்பில் கொடுத்துவிடுவார்கள்.

இனி சர்வீஸ். கேப்டன் கையில் டேப்லெட். தட்டியதும் சமையல்கட்டில் சீட்டு அச்சாகிறது. நவீனம்தான். ஆனால் டெலிவரி ஆப்பின் ஆர்டர்களும் அதே பிரிண்டரில் அதே வரிசையில் விழுகின்றன. தோசைக்கல் ஒன்று, மாஸ்டர் ஒருவர். ஒரே நேரத்தில் ஆறு தோசை பிடிக்கும் கல், ஒரு தோசைக்கு மூன்று நிமிடம் என்றால் ஏட்டுக் கணக்குக்கு மணிக்கு 120 தோசை. கல்லைத் துடைக்க, நீர் தெளிக்க, சூடு ஏற என்று கழித்தால் எண்பது வந்தாலே பெரிது. நடுவில் இரண்டு வெங்காய ஊத்தப்பம் விழுந்தால் அவை இளஞ்சூட்டில் ஆறு நிமிடம் இடத்தை அடைத்துக்கொள்ளும். எட்டரை மணிக்கு ஹால் நிரம்பி, வாசலில் டெலிவரிப் பையன்கள் ஹெல்மெட்டோடு நிற்கும்போது இந்தக் கணக்கு உடைகிறது. உட்கார்ந்திருப்பவரின் நெய் ரோஸ்ட் இருபத்தைந்து நிமிடம் தாமதமாவது மாஸ்டரின் குற்றம் இல்லை. பார்சலுக்கு இன்னொரு கல்லும் ஓர் ஆளும் போட்டிருக்க வேண்டும். விற்பனையில் ஒரு பங்கை, பெயரைப் பயன்படுத்துவதற்காகத் தலைமையகத்துக்குக் கட்டும் முதலாளி, ஆள் கூலியில்தான் முதலில் கை வைப்பார். இங்கே அது வெளிப்படையாகத் தெரிகிறது.

டேபிளுக்கு இன்னார் என்று சப்ளையரைப் பிரித்து விடவும் இல்லை. ஆர்டர் எடுத்தவர் ஒருவர், தட்டு கொண்டுவருபவர் இன்னொருவர், சாம்பார் வாளிக்காரர் மூன்றாமவர். தோசை வந்து பாதி தீர்ந்தபின் சட்னி வருகிறது. "கூப்பிட்டீங்களா சார்?" என்று கேட்பவரிடம் சொன்னால் "அது அவர் டேபிள்" என்கிறார். மேஜை துடைக்கும் துணியும் நாற்காலி துடைக்கும் துணியும் ஒன்றே. கை கழுவும் இடத்தில் சோப்புப் புட்டி இருந்தது, உள்ளே தண்ணீர்.

உட்கார்ந்ததும் கேட்காமலே பாட்டில் தண்ணீரை வைத்துவிடுகிறார்கள். வேண்டாமென்றால் உடனே சொல்லுங்கள், ஜக்கில் கொண்டுவருவார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் போட்டால் வழக்கே போடலாம் என்று பலர் கல்லாவில் சண்டை போடுவதைப் பார்க்கலாம். ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. திறக்காத பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதே சுலபம்.

பில்: இரண்டு இட்லி 54, நெய் பொங்கல் 98, வடை 42, நெய் ரோஸ்ட் 136, காபி 40. ஆக 370, ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. 18.50, முழுமையாக்கி 389. சர்வீஸ் சார்ஜ் போடவில்லை, அந்த மட்டுக்குச் சரி. பார்சலுக்கு 15 ரூபாய் பேக்கிங் என்று தனியாகப் போட்டு, சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இது தடை. தூக்கு கொண்டுபோனால் ஊற்றித் தருகிறார்கள், ஆனால் அந்தப் 15 ரூபாயைக் கழிக்க வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பில்லில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். சமைத்துப் பரிமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும். இங்கே கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உரிமத்தின் எண் ஒன்று, பில்லில் இருக்கும் எண் வேறு. பில்லிங் மென்பொருளைத் தலைமையகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதால் வந்த அலட்சியமாக இருக்கலாம். ஆனால் புகார் கொடுக்கும்போது பில்லில் உள்ள எண்ணைப் போட்டால் அது வேறு இடத்துக்குப் போகும். சுவரில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ருசி, தாமதம் பற்றிக் கிளை மேனேஜரிடம் சொல்வதில் பலன் குறைவு. "புது ஆளு சார், பழகிடுவான்" என்பதுதான் நிலையான பதில். பெயருக்குச் சொந்தமான தலைமையகத்துக்கு எழுதுங்கள். பில் எண், டேபிள் எண், ஆர்டர் கொடுத்த நேரம், தட்டு வந்த நேரம் நான்கையும் குறிப்பிடுங்கள். ஆர்டர் சீட்டின் நேரம் கணினியில் பதிவாகியிருக்கும், அதை மறுக்க முடியாது. சுத்தக்குறைவு, பழைய எண்ணெய் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. பில்லில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போயே ஆக வேண்டுமென்றால் காலை ஏழுக்கு முன் போங்கள், பூரி கேளுங்கள், தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி கூடுதலாகக் கேளுங்கள். அதற்குத் தனிக் காசு இல்லை.