பால்ச்சிக்கின் வெண்குன்று: ஓர் ஓவியப் பிரதியைப் பற்றி

ருமேனிய ஓவியர் நிக்கொலாயே தரஸ்கு (1883–1959) கருங்கடல் ஓரத்துப் பால்ச்சிக் ஊரில் தீட்டிய கடற்கரைக் காட்சிகளுள் ஒன்றின் அச்சுப் பிரதியை, இணையக் கடை ஒன்றில் இரண்டு முறை வாங்கினேன்: முதலில் பளபளப்பான புகைப்படத் தாளில், பிறகு பளபளப்பில்லாத பருத்தித் தாளில். இரண்டும் ஒரே அளவு, 16க்கு 12 அங்குலம். முதலாவதைச் சுருட்டி வைத்துவிட்டேன். இரண்டாவது என் மேசைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது.

படத்தில் நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. வெண்குன்று ஒன்று கடலை நோக்கிச் சரிகிறது. அதன் மடியில் சில வீடுகள். கரையில் ஏற்றி விடப்பட்ட ஒரு படகு. ஆள் நடமாட்டமோ நுரைக்கோடோ காணப்படவில்லை. கருங்கடலில் ஓதம் ஏறி இறங்குவது கண்ணுக்கே புலப்படாத அளவு சிறியது என்பதால், காற்றடங்கிய பொழுதில் அங்கே நீர் ஏரிநீரைப் போலக் கரையைத் தொட்டபடி கிடக்கும்; அந்தக் கிடப்பை ஓவியர் சில படுக்கைவாட்டுத் தீற்றல்களிலேயே கொண்டுவந்துவிட்டார்.

இந்த ஓவியத்தின் உயிர் வெள்ளையில் இருக்கிறது. பால்ச்சிக்கின் குன்றுகள் சுண்ணாம்பு கலந்த வெளிறிய பாறையால் ஆனவை. வெயில் பட்ட பக்கம் இளமஞ்சளாகவும், நிழல் விழுந்த பக்கம் ஊதாவும் நீலமுமாகவும் மாறுவதே அவற்றின் அழகு. பாரிசில் பயின்று, பிரான்சின் தென்கரை ஒளியிலும் பழகியவர் தரஸ்கு. நிழலைக் கறுப்பால் அடைக்காமல் நிறத்தாலேயே தீட்டினார். இங்கேதான் தாளின் வேலை தொடங்குகிறது. வழக்கமான இங்க்ஜெட் அச்சில் வெள்ளை மை கிடையாது. படத்தில் மிக வெளிச்சமான இடம் எதுவோ, அங்கே நாம் காண்பது வெறும் தாளைத்தான். வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்ந்த பளபளப்புத் தாள் பகல் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து தெரிவதால், முதல் பிரதியில் வெயில் பட்ட பாறையும் நிழலும் ஒரே குளிர்ச்சியில் கலந்து, காலைப்பொழுது மூட்டமான நாளாகிவிட்டது. பருத்தித் தாளின் இயல்பான வெதுவெதுப்பான வெண்மையில் அதே பாறை வெயில் காய்கிறது. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றாலும், இந்த ஓவியத்துக்கு வேறு தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அச்சின் நுட்பம் நன்று. படகின் விளிம்பில் தூரிகை மயிர் இழுத்த கீற்றுகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அளவுக்குப் பொருந்தச் செய்வதற்காக ஓவியத்தின் கீழ் விளிம்பில் ஒரு பட்டையை வெட்டிவிட்டார்கள். முன்கரை மணல் குறுகியதால், பார்ப்பவர் நிற்பதற்கு இடம் இல்லாததுபோல் ஆகிவிட்டது. விளிம்பில் வெற்றுத்தாள் விட்டு முழு ஓவியத்தையும் அச்சிட்டிருக்கலாம்.

என்னை உண்மையில் வருத்தியது பின்புறம் ஒட்டிய சீட்டு. ஓவியர் பெயரும் காலமும் இன்றி, ‘பல்கேரியக் கடற்கரை’ என்று மட்டும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஊர் இன்று பல்கேரியாவில் இருப்பது மெய்தான். ஆனால் 1913இன் புக்கரெஸ்ட் ஒப்பந்தத்தால் தெற்கு டோப்ருஜா என்னும் வட்டாரத்தோடு ருமேனியாவிடம் சென்ற பால்ச்சிக், 1940 செப்டம்பரில் கிரயோவா ஒப்பந்தத்தால்தான் பல்கேரியாவுக்குத் திரும்பியது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நிக்கொலாயே டோனிட்சா, பிரான்சிஸ்க் ஷிராட்டோ, ஸ்டெஃபான் டிமிட்ரெஸ்கு, யோசிஃப் ஈசெர் என ருமேனிய ஓவியர்கள் பலர் அங்கே சென்று தீட்டினார்கள். ருமேனியாவின் மரியா அரசியும் அந்தக் கரையில்தான் தம் கோடை மாளிகையைக் கட்டிக்கொண்டார். தாத்தாரும் துருக்கியரும் பல்கேரியரும் சேர்ந்து வாழ்ந்த அந்தச் சிற்றூர் ருமேனிய நிலக்காட்சி ஓவியத்தின் ஒரு முழுப் பருவத்துக்கே ஒளி கொடுத்தது. அந்தப் பருவத்தை ஒரு சீட்டில் அழித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; ஓவியர் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கடைக்கு எழுதியிருக்கிறேன்.

படத்துக்குச் சட்டம் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, அதாவது மவுண்ட், தூய வெள்ளையில் வேண்டாம். அதன் அருகில் பாறை அழுக்கேறியதுபோல் தெரியும். நான் வெளிறிய மணல் நிறத்தில் மூன்று அங்குல மவுண்ட் வைத்து, ஒளி தெறிக்காத கண்ணாடி போட்டிருக்கிறேன். காலையில் கிழக்குச் சன்னலைத் திறந்ததும் குன்றின் மஞ்சள்தான் முதலில் கண்ணில் படுகிறது. படகு சற்று நேரம் கழித்துத்தான் தெரியவருகிறது.