சி டிரைவ் சிவப்பு: கும்பகோணத்தில் ஒரு சிஸ்டம் சர்வீஸ்

அப்பாவின் சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று கும்பகோணத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் “லீவுக்கு வரும்போது பார்க்கிறேன்ப்பா” என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். சி டிரைவின் பட்டை முழுச் சிவப்பு. 97 ஜிபியில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. பென்ஷன் சிலிப்பை டவுன்லோட் செய்யப் போனால் இடமில்லை என்கிறது. டி டிரைவும் இ டிரைவும் தலா 184 ஜிபி, இரண்டும் ஏறக்குறைய காலி.

நம்மூர் அசெம்பிள் சிஸ்டங்களின் பிறவிக்குணம் இது. 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 என்றுதான் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. அந்த 465-ஐக் கடையிலேயே மூன்றாகக் கூறு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வைரஸ் வந்தால் சியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடலாம், டியிலும் இயிலும் இருப்பது பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் விண்டோஸ் சியில்தான் வைக்கும் என்பதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. பத்து வருஷமாக அப்பா வீட்டுப் பத்திரம், பட்டா, எல்ஐசி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில்தான் அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு டெஸ்க்டாப்தான் பீரோ.

முதலில் போன கடையில் சிஸ்டத்தைப் பார்க்கவேயில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் “ஃபார்மேட் அடிச்சிடலாம் மேடம்” என்றார் கல்லாவில் இருந்தவர். அறுநூறு ரூபாய், டேட்டா பேக்கப் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக. “டி, இல இருக்கறது எதுவும் போகாது” என்று உறுதி வேறு. அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் போகக்கூடாதது அத்தனையும் சியில் இருக்கிறது, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. விண்டோஸ் 10 முடிந்துபோச்சு, கையோடு 11 போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார். அப்பாவுடையது பழைய இன்டெல் ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும். அதைத் தாண்டிக் குறுக்குவழியில் ஏற்றித் தருகிறார்கள் என்பது தெரியும். எழுபத்தைந்து வயதுக்காரரின் பேங்க் வேலை நடக்கிற சிஸ்டத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அத்தை ஒரு பையனின் நம்பர் கொடுத்தார். வீட்டுக்கே வந்து பார்ப்பானாம். காலையில் கூப்பிட்டேன், மத்தியானம் பைக்கில் வந்து இறங்கினான். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயருக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போனவள் நான். வீட்டுக்கு ஆள் வருவது என்பதே எனக்குப் பெரிய சொகுசு.

சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவிலிருந்து விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். டிஸ்கில் எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை வண்ணக் கட்டங்களாகக் காட்டும். பெரிய கட்டம் என்றால் பெரிய ஃபைல். திரையில் பாதியை ஒரே நிறம் அடைத்துக்கொண்டிருந்தது. “என்னக்கா இது, கல்யாண வீடியோவா?” என்றான். அதேதான். தங்கை கல்யாணத்துக்கு போட்டோகிராபர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அத்தனை போட்டோவையும் வீடியோவையும் கொடுத்திருந்தார். அப்பா அதை டெஸ்க்டாப்பில் ஒரு தடவையும், பத்திரமாக இருக்கட்டும் என்று டாக்குமெண்ட்ஸில் இன்னொரு தடவையும் காப்பி செய்திருக்கிறார். ஒரே டிஸ்கில் இரண்டு காப்பி இருந்தால் டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்துதான் போகும். ஆல்பம் இன்னும் வரவில்லை என்பது தனிக்கதை.

பையன் எதையும் அழிக்கவில்லை. டியில் ‘டெஸ்க்டாப்’ என்ற பெயரில் ஒரு புது ஃபோல்டர் போட்டான். டெஸ்க்டாப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேபுக்குப் போய், மூவ் அழுத்தி அந்தப் புது ஃபோல்டரைக் காட்டினான். டாக்குமெண்ட்ஸுக்கும் அதே மாதிரி. வெறும் டி டிரைவைக் காட்டிவிட்டால் டி முழுவதுமே டெஸ்க்டாப் ஆகிவிடும், அப்புறம் பிரிப்பது கஷ்டம், அதனால்தான் தனி ஃபோல்டர் என்றான். அப்பாவின் கண்ணுக்கு எல்லாம் வழக்கம்போல டெஸ்க்டாப்பில்தான் இருக்கும், இடம் மட்டும் டியில் போகும். இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. பிறகு டிஸ்க் கிளீனப்பில் ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ கொடுத்துப் பழைய அப்டேட் மிச்சங்களைக் கழித்தான். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணையும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தியதில் இன்னொரு மூன்று ஜிபி வந்தது. அப்பா எப்படியும் ஷட்டவுன்தான் செய்வார். சியில் பாதிக்கு மேல் காலி.

ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி போடலாமா என்று நானேதான் கேட்டேன். “இடத்துக்காக வேணாம்கா. ஹேங் ஆகறதுக்குத்தான் போடணும்” என்றான். அந்தப் பதிலுக்காகவே போட்டேன். கடையில் பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கட்டி பில்லோடுதான் வாங்கினேன். நாளைக்கு வாரண்டிக்கு அலைய வேண்டியவர் அப்பா.

“நாளைக்கு உங்க ஏரியால கரண்ட் ஷட்டவுன்கா, இன்னைக்கே முடிச்சிடலாம்” என்று சாயங்காலமே குளோனிங்கில், அதாவது சியை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் வேலையில், உட்கார்ந்தான். கேபினெட்டுக்குள் எஸ்எஸ்டியைப் பொருத்த பிராக்கெட் இல்லை. டபுள் சைடு டேப்பை ஒட்டி அழுத்திவிட்டான். அசையும் பாகம் இல்லாத பொருள், அது போதும். பாதியில் கரண்ட் போனது, யூபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அணைந்தது. குளோனிங் படிக்க மட்டும்தான் செய்யும், பழைய டிஸ்குக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தான். யூபிஎஸ்ஸுக்குள் இருந்த 12 வோல்ட் பேட்டரி செத்து எவ்வளவு நாளாகிறதோ தெரியாது. அதையும் மாற்றினோம். இரண்டு வேலைக்கும் சேர்த்து எழுநூறு வாங்கினான்.

பழைய ஹார்ட் டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. டெலிட் செய்ததும் குவிக் ஃபார்மேட் அடித்ததும் பெரும்பாலும் திரும்ப எடுக்கக் கூடியவை. அப்பாவின் ஆதாரும் பாஸ்புக்கும் அதில் இருக்கின்றன. டி, இ டிரைவாக அது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடியோவின் இரண்டாவது காப்பியை வெளியே எடுத்து ஒரு பெரிய பென் டிரைவில் போட்டுத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துவிட்டு வந்தேன். 2026 அக்டோபர் 13 வரை தாங்கும். அதற்குப் பிறகு புது சிஸ்டம்தான் என்றேன். “தீபாவளிக்கு வருவல்ல, அப்ப பார்த்துக்கலாம்” என்கிறார் அப்பா. தீபாவளி நவம்பரில்.